மாமன் சீராக ஒரு பைப்பு

நவம்பர் 1, சனி

மதியம் வரை வெயில். மூன்றரைக்கு வானம் கறுத்தது. நாலுக்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

இன்று வீட்டுக்குப் போய்ப் பிசியோதெரபி பார்த்தவர்கள்: துடியலூர் வாத்தியார் (பக்கவாதம், இடது கை. யாரும் தாங்காமல் டம்ளரைப் பிடித்தார். அவர் சம்சாரம் கண் கலங்கிவிட்டார்). வடவள்ளி அம்மா (முட்டி. பயிற்சியெல்லாம் செய்தேன் என்று பச்சைப் பொய்). மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

வண்டி போய்விட்டது.

ரயில்வே பாலத்துக்கு அடியில். தண்ணீர் ஒன்றும் ஆளை முழுக்குகிற அளவு இல்லை. சக்கரத்தில் பாதி. எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ போனது. அதற்கு முன்னால் வெள்ளைக் கார் ஒன்று, என் வண்டி மாதிரியே, அதே கம்பெனி, அதே மாடல். அதுவும் நிதானமாகப் போய் அந்தப் பக்கம் மேட்டில் ஏறிவிட்டது. நானும் முதல் கியரில் ஊர்ந்துதான் போனேன். பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், இந்தப் பாலம் எனக்குப் புதிதில்லை. நடுவில் போனதும் வண்டி ஒரு விக்கல் விக்கியது. நின்றது. புகை இல்லை, நாற்றம் இல்லை.

ச.வுக்குப் போன். (என் வீட்டுக்காரர் சண்முகம். இன்றைக்கு இந்த நோட்டில் அவருக்கு ஓர் எழுத்துப் போதும்.)

"நின்னு போச்சா? செல்ஃப் அடி."

அடித்தேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"மறுக்கா அடி. பம்பு மொதத் தடவையே தண்ணி எடுக்குமா? உட்டு உட்டுப் போடு."

மேட்டில் குடையோடு நின்ற ஒரு பெண் கத்தினாள்: "அக்கா, செல்ஃப் அடிக்காதீங்க! அடிக்காதீங்க!" அவள் யாரோ. காதில் இருந்தது கட்டிய புருஷன். அடித்தேன். மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்தது, கூடவே இரும்பில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு டங். அதோடு சரி.

இறங்கினேன். செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது.

ச. கயிற்றோடு வந்தார். வந்ததும் கேட்டது, "எத்தன வேகத்துல உட்டே?" நனைந்தாயா, அடி கிடி பட்டதா, ஒன்றும் இல்லை. ஊர்ந்துதான் போனேன் என்றேன். கேட்கிற முகமாக இல்லை. வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் அவர் தன் அக்காவிடம் போனில் சொல்வது கேட்டது: "என்னத்தச் சொல்றது போ. தண்ணிக்குள்ள பஸ்ஸு ஓட்டற மாதிரி உட்டுருக்கறா."


நவம்பர் 2, ஞாயிறு

மழை இல்லை. எல்லாம் ஈரம், துணி காயவில்லை. கழுத்து வலி. ஊருக்கெல்லாம் கழுத்து நீவிவிடுகிறவளுக்கு நீவ ஆள் இல்லை.

செய்ய வேண்டியவை: வண்டி மெக்கானிக் செல்வராஜ் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா கேட்க. நாளைக்குத் துடியலூருக்கு எந்தப் பஸ் பார்க்க. அரிசி ஊறப்போட. செருப்பு.

ச. ஏழு மணிக்கே ஸ்பேனர் பெட்டியோடு கிளம்பிவிட்டார். பட்டறையில் அவசர வேலையாம், ஞாயிற்றுக்கிழமையில். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் கையெல்லாம் கறையோடு வந்தார். சோறு போட்டேன். மோர் வேண்டும் என்றார்.

பத்து மணிக்கு நங்கையா போன். ச.வின் அக்கா, காரமடையில் இருக்கிறவர்.

"ஏங் கோகிலா, தண்ணியப் பாத்தா நிறுத்தோணும்னு தெரியாதா? என்ற தம்பி எத்தன ஆசையா அந்த வண்டிக்குப் பைப்பெல்லாம் போட்டுக் குடுத்தான். இப்பிடிப் பண்ணிப்போட்டயே."

பைப்பு. அதை எழுதி வைக்கிறேன்.

ச.வுக்குக் கணபதியில் பம்ப்செட் பட்டறை. முப்பது வருடம். ஆடி மாதம் போனில் ஏதோ படம் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஒரே பேச்சு. காரோடு வருகிற கறுப்புப் பெட்டி, ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டி, அது இன்ஜினின் மூக்கை அடைக்கிறதாம். கீழே இருந்து குளிர்ந்த காற்று எடுத்தால் வண்டி பறக்குமாம். "இன்ஜினும் பம்பும் ஒண்ணுதான் அம்மணி. சக்‌ஷன் நல்லா இருந்தாப் போதும்." பட்டறையிலேயே எவர்சில்வர் பைப்பை வளைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டு, அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டி, முன் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கிவிட்டார். என்னைக் கேட்டாரா? என் வண்டி. எனக்குப் பறக்க வேண்டாம், துடியலூர் போய் வந்தால் போதும்.

ஆவணியில் நங்கையா மகள் தர்ஷினி கார் எடுத்தாள். மாமா சொன்னார் என்று அதே மாடல். இவர் உடனே இன்னொரு பைப்பு. சும்மா கொடுத்தாரா, சீராகக் கொடுத்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ, நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த எவர்சில்வர் பைப்பு. பட்டு வேட்டி கட்டி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நானும் பக்கத்தில் பழத்தட்டோடு சிரித்துக்கொண்டு போனேன், போட்டோ இருக்கிறது. மாமன் சீர் என்று சொந்தமெல்லாம் கை தட்டியது.


நவம்பர் 4, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு பேரைப் பார்த்துவிட்டு, செல்வராஜ் ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினைப் பிரித்து வைத்திருந்தார்.

ஒரு ராடைக் கையில் கொடுத்தார். பிஸ்டனைத் தாங்குகிற ராடு. நேராக இருக்க வேண்டியது, முற்றின வெண்டைக்காய் மாதிரி வளைந்திருந்தது.

"ஃபில்டரப் புழிஞ்சனுங்க அக்கா. ஒரு சொம்புத் தண்ணி."

"அதுக்கும் ராடுக்கும் என்னங்க?"

"காத்த அமுக்கலாமுங்க. தண்ணிய அமுக்க முடியுமுங்களா? பிஸ்டன் மேல வருது. அங்க தண்ணி நிக்குது. அது எங்கீங்க போகும்? ராடுதான் மடங்கோணும்."

பிறகு என்னை வண்டிக்கு முன்னால் நிறுத்திக் காட்டினார். கம்பெனிப் பெட்டியின் வாய் இருக்கிற இடம் பானெட்டுக்கு அடியில், ஹெட்லைட்டுக்கும் மேலே, என் இடுப்பு உயரம். ச. போட்ட பைப்பின் வாய் என் முழங்காலுக்குக் கீழே. எனக்கு முன்னால் போன வெள்ளைக் கார் எப்படிப் போனது என்று அப்போதுதான் விளங்கியது.

"நின்னதுக்கு அப்பறம் எத்தன தடவ செல்ஃப் அடிச்சீங்க?"

"மூணு."

"ஆரு அடிக்கச் சொன்னாங்க?"

சொன்னேன். செல்வராஜ் வேஸ்ட்டுத் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நின்னவொடனே தள்ளி மேட்டுக்குக் கொண்டாந்திருந்தா, ப்ளக்கக் கழட்டித் தண்ணிய வெளிய தள்ளி, ஆயில மாத்தி, ரெண்டே நாள்ல குடுத்துருப்பனுங்க. இப்ப இன்ஜினே போச்சுங்க." அப்புறம் மெதுவாக, "அண்ணன் பம்புக்காரருங்க. அவுருக்குத் தெரியாததுங்களா."

அதுதான். அவருக்குத் தெரியாததா! தண்ணீர் அமுங்காது என்பதை வைத்துத்தானே முப்பது வருடமாகச் சோறு தின்கிறார்.

ஷெட்டை விட்டு வெளியே வந்தபோதுதான் தர்ஷினி நினைவு வந்தது. அவள் தினம் காரமடையில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு, பேங்க் வேலைக்கு, அதே பைப்போடு போய் வருகிறாள். வழியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரை மணி மழைக்கே குளமாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்.


நவம்பர் 5, புதன்

காலையில் இட்லி வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். அப்படியே எழுதுகிறேன், பின்னால் யாராவது மாற்றிச் சொன்னால் எனக்கு நினைவிருக்க வேண்டும்.

நான்: "ஏனுங்க, பைப்பாலதான் இன்ஜின் போச்சுன்னு செல்வராஜ் சொல்றாருங்க."

அவர்: "அவங் கெடக்கறான். முப்பது வருசமாச் சக்‌ஷன் லைன் போடறவன் நான்."

நான்: "அதாலதானுங்க. முப்பது வருசமாத் தண்ணி எடுக்கறதுக்குப் போட்டீங்க. இதுவும் எடுத்துப்போட்டுது."

அவர்: (இட்லியைப் பார்க்கிறார்.)

நான்: "தர்ஷினி வண்டில இருக்கறதக் கழட்டோணும். இன்னைக்கே."

அவர்: "சீர் குடுத்ததத் திருப்பிக் கேக்கச் சொல்றயா? ஒறம்பரை சொந்தத்துக்குள்ள நான் மூஞ்சியக் காட்டறதா வேண்டாமா?"

நான்: "சீரு பெருசுங்களா, புள்ள பெருசுங்களா?"

அவர்: "நீ இதப் பத்தி அங்க மூச்சு உடாதே. நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்ப்பார்? சீராகக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்டால் உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா வீட்டில் ஒரு கறவை மாட்டுக்காக இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லை. தெரியும், தெரியும். ஆனால் மாடு மூழ்கடிக்காது.

இட்லிப் பானையை நான் கீழே வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.


நவம்பர் 6, வியாழன்

மூச்சு விட்டேன். நங்கையாவுக்கு நானே போன் போட்டேன்.

பதமாகத்தான் சொன்னேன். "நங்கையா, தர்ஷினி வண்டிப் பைப்பக் கழட்டிப்போட்டுப் பழைய பெட்டிய மாட்டிக்கிட்டா நல்லதுங்க. மழைக்காலம் முடியற வரைக்கும்."

"ஏன், குடுத்துப்போட்டுக் கண்ண உறுத்துதா?"

"இல்லீங் நங்கையா, என்ற வண்டி அதாலதான்..."

"உன்ற வண்டி நீ ஓட்டுன லட்சணத்துல போச்சு. என்ற பொறந்தவன் செஞ்ச சீருமேல பழியப் போடறயா? இரு, அவங்கிட்டயே கேக்கறேன்."

வைத்துவிட்டார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மாமியார் இல்லாத குறையை நங்கையா தீர்த்து வைக்கிறார்.

தர்ஷினிக்கு வாட்ஸப். வளைந்த ராடு படம். கூடவே எழுதினேன்: பைப்பைக் கழற்று. கழற்றும் வரை தேங்கின தண்ணீரில் வண்டியை இறக்காதே. நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதே, யார் சொன்னாலும் அடிக்காதே. உன் மாமா சொன்னாலும்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த பதில்: ஒரு கட்டைவிரல் படம். "சரிங்க அத்தை. நீங்க உடம்பப் பாத்துக்கங்க."

இவ்வளவுதானா? எவ்வளவு பெரிய விஷயம் எழுதினேன், ஒரு கட்டைவிரல்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் உறைக்காது. இன்ஜின் நடு வெள்ளத்தில் நின்று, மேலே லாரி வந்து, கதவு திறக்காமல். வேண்டாம், எழுத மாட்டேன்.

இன்சூரன்ஸ்காரர் ஷெட்டுக்கு வந்து போனாராம். பைப்பைப் படம் எடுத்தாராம். கம்பெனி போடாத பைப்பு என்றால் பணம் வருவது சந்தேகம், அவர் முகம் சரியில்லை என்றார் செல்வராஜ்.

வாத்தியார் இன்று சட்டைப் பொத்தான் ஒன்று போட்டார். அங்கே மட்டும்தான் இந்த வாரம் நல்ல சேதி.


நவம்பர் 8, சனி

இரண்டு மணிக்கே மழை. மேட்டுப்பாளையம் பக்கம் இன்னும் பலம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். முன் சீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம்: "காரெல்லாம் மெதக்குதாமா. டிராக்டர் உட்டு இழுக்கறாங்களாம்." சிரித்தார். எழுந்து அவர் வாயில் குடையைச் செருகலாம் போல இருந்தது.

தர்ஷினிக்குப் போன். எடுக்கவில்லை. ஐந்தரைக்கு. ஐந்தே முக்காலுக்கு. ஆறுக்கு. ஆறே காலுக்கு ஸ்விட்ச் ஆஃப்.

வீட்டில் ச. டி.வி. பார்க்கிறார். வேர்க்கடலை தின்கிறார்.

"ஏனுங்க, தர்ஷினி போன எடுக்க மாட்டேங்கறா. அங்க மழ கொட்டுது."

"வருவா."

"அந்தப் பைப்போட தண்ணிக்குள்ள எறங்குனா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்பிடிங்க சொல்றீங்க?"

"ஆகாதுன்னா ஆகாது. உக்காரு."

உட்காரு! ஒரு தோலை உரித்து, கடலையை வாயில் போட்டு, அடுத்ததை எடுக்கிறார். இவரோடு இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தி இருக்கிறேன். கல் நெஞ்சு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று நினைத்தேன்.

ஏழரைக்குத் தர்ஷினியே கூப்பிட்டாள். "சார்ஜ் போயிருச்சுங்க அத்தை. ஊட்டுக்கு வந்துட்டேன். தண்ணில மெதுவா வந்துட்டேன், ஒண்ணுமில்லீங்க."

தண்ணீரில் வந்தாளாம். சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுததற்கும் கோபம் வந்தது. நாளைக்கும் மழை என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இப்படிப் பிள்ளையார் புண்ணியத்தில் தப்புமா?


நவம்பர் 10, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கப் போவதில்லை. பழைய கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், செல்வராஜை வைத்து நானே மாட்டிவிடப் போகிறேன். நங்கையா உறவை அறுத்தால் அறுக்கட்டும்.

ச. இன்று ஈரோட்டுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். டர்னர் குமரேசன் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாங்க அக்கா. அண்ணன் இல்லீங்களே."

"தெரியுமுங்க. கார் ஏர் ஃபில்டர்ப் பெட்டி ரெண்டு இங்க போட்டு வெச்சாரே, எங்கீங்க?"

என்னுடையது ரேக்கின் அடித்தட்டில் இருந்தது. வாஷர் கொட்டி வைத்திருந்தார்கள். கம்பெனியில் இருந்து மூடியோடு வந்த நல்ல பெட்டி, வாஷர் டப்பாவாகி இருந்தது. தர்ஷினியுடையதைக் காணோம்.

"அது இல்லீங்க அக்கா. அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"எங்க?"

"கேக்கலீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பார். பெட்டி இருந்தால்தானே பைப்பைக் கழற்றச் சொல்வாள், பெட்டியே இல்லாமல் பண்ணிவிட்டால்? அவ்வளவு வீம்பு! வாஷரை எல்லாம் அப்படியே தரையில் கொட்டினேன். குமரேசன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். பாவம், அவர் என்ன செய்வார்.

இரண்டும் ஒரே மாடல், என்னுடையதே அவளுக்குப் பொருந்தும். வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைத்துக் காயவைத்திருக்கிறேன். என் வீட்டில் நான் திருடி மாதிரி.


நவம்பர் 12, புதன்

வெயில். சுத்தமான வெயில்.

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்குச் செல்வராஜின் வண்டியில் காரமடை. மடியில் கறுப்புப் பெட்டி. வழியெல்லாம் நங்கையாவுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்ன திட்டினாலும் எதிர்த்துப் பேசக் கூடாது, பெட்டியை மாட்டாமல் திரும்பக் கூடாது. இரண்டே விதி.

நங்கையா கோயிலுக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று. தர்ஷினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! என்னங்க இத்தன காலைல?"

"சாவியக் குடு கண்ணு. பானெட்டத் தொறக்கோணும்."

"எதுக்குங்க?"

"குடு சொல்றேன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சாவியைக் கொடுத்தாள். செல்வராஜ் பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, இங்க கம்பெனிப் பெட்டியே இருக்குதுங்களே."

நானும் போய்ப் பார்த்தேன். இருந்தது. கறுப்புப் பெட்டி, நான்கு கிளிப்பும் மாட்டி, ஒழுங்காக. பைப்பு இல்லை.

"எப்பக் கழட்டுனே?"

தர்ஷினி துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"நான் கழட்டலீங்க அத்தை. மாமாதான். உங்க வண்டி நின்னுதில்லீங்களா, அதுக்கு மறுநாளு. ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டாருங்க. பாலிஷ் மங்கிப்போச்சு, இங்கயே போட்டு மறுக்கா மாட்டித் தாரேன்னு அம்மாகிட்டச் சொன்னாரு. எங்கிட்டத் தனியா, இனி இது வேண்டாம் கண்ணு, இதுல தண்ணி ஏறும்னாரு."

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அத்தைக்குத் தெரிய வேண்டாம், மனசு கஷ்டப்படுவான்னு சொன்னாருங்க."

மனசு கஷ்டப்படுவேனாம்.

செல்வராஜ் பானெட்டை மூடிவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார். தர்ஷினி காபி குடிங்க அத்தை என்றாள். குடித்தேன். அவள்மேல் கோபமில்லை. அவள் பத்திரம். அதற்காகத்தானே போனேன். திரும்பி வரும்போது செல்வராஜ் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "உடுங்கக்கா." விட முடியவில்லை.


நவம்பர் 13, வியாழன்

பேசவில்லை. அவரும் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. சோறு, ரசம், பீன்ஸ் பொரியல்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்பேனர் பெட்டி எடுக்கும்போதே தெரியும். அப்படியானால் சனிக்கிழமை கயிற்றோடு வந்து நின்றபோதே தெரியும். தெரிந்துகொண்டுதான் எத்தனை வேகத்தில் விட்டாய் என்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் அக்காவிடம் பஸ் ஓட்டினாள் என்றிருக்கிறார். புதன்கிழமை இட்லி தின்றுகொண்டு, முப்பது வருசம் சக்‌ஷன் போட்டவன் என்று என்னிடம் மார் தட்டினபோது, பைப்பைக் கழற்றி மூன்று நாள் ஆகிவிட்டது. சனிக்கிழமை நான் பித்துப் பிடித்தவள் மாதிரி போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது கடலை தின்ன முடிந்தது அதனால்தான். வார்த்தை ஒன்று சொல்லியிருந்தால் போதும். நான் கழட்டிப்போட்டேன் அம்மணி, பயப்படாதே. ஒரு வரி. அதைச் சொன்னால் தன் பைப்பால்தான் என் வண்டி போனது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பன்னிரண்டு நாள் நான் வேகலாம்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அக்கா மகள் அவருக்குச் சதை. ஓடிப்போய்க் கழற்றினார். நல்ல காரியம், இல்லை என்று சொல்லவில்லை. நான் என்ன, பழி போட்டு வைக்கிற பரணா?

வடவள்ளி அம்மா இன்று கேட்டார்: "தண்ணிக்குள்ள உட்டுட்டீங்களாமா? ஆம்பளைங்க இருந்தா உட்டுருக்க மாட்டாங்க." வடவள்ளி வரை போயிருக்கிறது. முட்டியைக் கொஞ்சம் அழுத்தியே மடக்கினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன், மனதுக்குள்.


நவம்பர் 16, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு வெயில் ஏறியது. வாத்தியாருக்கு நாளை இரண்டாவது பொத்தான்.

பதினொன்றுக்கு ஒருவர் வந்தார். அன்னூர்க்காரர், ச.விடம் பம்ப்செட் வாங்குகிறவர். கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"மாமன் சீரா ஒரு பைப்பு குடுத்தீங்களாமே, போட்டோ பாத்தனுங்க. எங்க புள்ளைக்கும் கார் எடுத்துருக்கறனுங்க. காலேஜுக்கு அவளே ஓட்டீட்டுப் போறா. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க."

ச. கொஞ்சம் இழுத்தார். "இப்ப வேல ஜாஸ்திங்க. பாக்கலாமுங்க."

"அட, எனக்கில்லாததுங்களா? உங்க சம்சாரம் வண்டிக்குக்கூடப் போட்டீங்களாமே. நல்லா ஓடுதுங்களா?"

அடுப்பைச் சிறிதாக்கினேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பக்கத்து அறையில் நான் இருக்கிறேன், கேட்பவரோ ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பன்.

"நல்லாத்தானுங்க ஓடுச்சு. அவ தண்ணிக்குள்ள உட்டுப்போட்டா. பைப்பு மேல தப்பில்லீங்க." பிறகு, "சரி, அடுத்த வாரம் வண்டியக் கொண்டாங்க."

டீயை எடுத்துக்கொண்டு போனேன். வந்தவர் கையில் ஒரு டம்ளர், ச. முன்னால் ஒரு டம்ளர். தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, உங்க புள்ள வண்டிக்கு அந்தப் பைப்பு வேண்டாமுங்க."

"கோகிலா," என்றார் ச.

"அதோட வாய் கீழ இருக்குதுங்க. முழங்கால் தண்ணி இருந்தாலே உறிஞ்சுக்கும். என்ற வண்டி இன்ஜின் அதாலதான் போச்சுங்க. நான் மொதக் கியர்ல ஊந்துதான் போனேன்."

"கோகிலா, உள்ள போ."

"இவுரு அக்கா பொண்ணு வண்டிலருந்து, என்ற வண்டி நின்ன மறுநாளே, இவுரே போய்க் கழட்டிப்போட்டு வந்துருக்கறாருங்க. இல்லீன்னு சொல்லச் சொல்லுங்க."

என் குரல் உயரவில்லை. எனக்கே ஆச்சரியம். வந்தவர் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் ச.வைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ச. தன் டம்ளரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஆமாங்க."

வந்தவரிடம்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.